பாட்டுக்குப் பேசப்படாத கூலி

உங்கள் வீட்டில் கீபோர்டு வாசிக்கும் ஒரு மகன் இருக்கிறானா? கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சனிக்கிழமை மாலை புறப்பட்டு, ஞாயிறு பின்னிரவில் வீடு திரும்பும் தம்பி இருக்கிறானா? மேடையில் பாட அழைப்பு வந்தால் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடும் மகள் இருக்கிறாளா? அப்படியானால் இக்கட்டுரையை நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும். "படித்த படிப்பை விட்டுவிட்டுப் பாட்டு, பாட்டு என்று அலைகிறானே" என்று நீங்கள் நொந்துகொண்டிருக்கலாம். அல்லது, "தாலந்து உள்ள பிள்ளை, எப்படியும் பிழைத்துக்கொள்வான்" என்று நம்பிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி கிடக்கிறது. நம் வீடுகளில் அதை யாரும் எடுத்துக் கேட்பதில்லை. மேடையில் பாடுகிறவனுக்குப் பணம் யாரிடமிருந்து, எந்தக் கணக்கில், எப்போது வருகிறது?

வாசகர்களாகிய உங்களில் பலர் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் இடுக்கி மலைகளிலிருந்தும் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பிழைக்க வந்தவர்கள். வாளையாற்றைத் தாண்டினால் மலையாளம். போடிமெட்டிலிருந்து இறங்கினால் தமிழ். இரண்டு மொழியிலும் கூச்சமின்றிப் பாடக்கூடிய பிள்ளைகள் அந்த எல்லையில் பிறக்கிறார்கள். மேடைப் பாட்டின் வரவுசெலவை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் சொந்த மலையடிவாரத்திலேயே அதற்குச் சான்றுகள் உண்டு.

தேவிகுளத்தில் ஓர் இடைத்தேர்தல்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. இடுக்கி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை; அது 1972இல்தான் உருவாயிற்று. 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்றது. 126 பேர் கொண்ட சட்டமன்றத்தில் அவ்வரசுக்கு இருந்தது நூலிழைப் பெரும்பான்மை. அந்நிலையில், தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸ் அம்மையாரின் தேர்வு செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது.

தேயிலைத் தோட்டத்து லயன்களில் வாழ்ந்த தமிழருக்கு மலையாள மேடைப்பேச்சு எப்படி எட்டும்? பாட்டு எட்டும். மலைக்குக் கீழே, இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியப் பெட்டியோடு மலையேறினார். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டுகளில் அரசியல் வரிகளைக் கட்டிப் பாடுவது அவருடைய வழக்கம். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். அந்த வெற்றி பாவலரைச் சாரும் என்று முதலமைச்சரே பாராட்டியதாக, அவருடைய தம்பி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தம்பியை உங்களுக்குத் தெரியும். சிறுவனாக அண்ணனின் குழுவில் சேர்ந்து, குரல் உடையும்வரை பெண்குரலில் பாடிய அவர்தான் இளையராஜா. அண்ணனோடு ஊர் ஊராக, திடல் திடலாக, பத்தாண்டுக் காலம் மேடையேறியவர். 1960களின் இறுதியில் தம்பிமார் சென்னைக்குப் புறப்பட்டபோது தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று, அந்தப் பணம் முழுவதையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார் என்பதை இளையராஜா பல மேடைகளில் கூறியிருக்கிறார். கேட்கிறவர்கள் தாயின் தியாகத்தை நினைத்துக் கண்கலங்குகிறார்கள். அது நியாயமே. ஆனால் அந்தச் செய்திக்குள் வேறொரு கணக்கும் இருக்கிறது. பத்தாண்டுக் காலம் ஓயாமல் பாடிய ஒரு குடும்பத்தில், கடைசியில் விற்றுக் காசாக்குவதற்கு ஒரு வானொலிப் பெட்டிதான் இருந்தது. பாவலருக்குக் கூட்டம் குறையவில்லை, புகழும் குறையவில்லை. ஓர் அரசாங்கத்தின் ஆயுளுக்கே அவருடைய பாட்டு துணை நின்றது. தம்பிக்கு 'அன்னக்கிளி' வாய்த்த 1976ஆம் ஆண்டைக் காண அவர் உயிரோடு இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? கொள்கைக்காகப் பாடுகிறவனிடம் கூலியைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். அவனும் கேட்கக் கூசுகிறான். கட்சி என்பது நம் வீட்டுக் கலியாணம் போன்றது, அதில் என்ன கணக்கு என்று இரு தரப்பும் இருந்துவிடுகின்றன. மேடை போட்டவருக்கும் பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்காரருக்கும் பணம் கொடுக்காமல் கூட்டம் நடக்காது. பாடுகிறவருக்கு மட்டும் மாலையும் சோடாவும் போதும் என்றாகிவிடுகிறது.

இதை வாசிக்கும்போது நம் கூட்டங்கள் உங்கள் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. மூன்று நாள் கன்வென்ஷனில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் நாற்காலிக்கும் ரசீது இருக்கும். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து மூன்று இரவும் டிரம்ஸ் வாசித்த தம்பிக்கு, "உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறோம்" என்ற சொல்லோடு ஒரு கவர் கிடைக்கும். சில இடங்களில் கவரும் இராது. சொந்தச் சபை ஆராதனையில் மனமுவந்து வாசிப்பது வேறு. அதற்கு எவரும் விலை கேட்பதில்லை. ஆனால் தொழிலாக வாசிக்கிற ஒருவரைத் தேதி குறித்து வரவழைத்துவிட்டு, பணம் கொடுக்கும் நேரத்தில் மட்டும் அதை ஊழியம் என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நெகேமியாவின் புத்தகம் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆலயத்துப் பாடகர்களுக்கும் லேவியருக்கும் உரிய பங்கு கொடுக்கப்படாததால், அவர்கள் வேலையை விட்டுத் தத்தம் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா ஓடிப்போனவர்களைக் குறை சொல்லவில்லை. பங்கைக் கொடுக்கத் தவறிய அதிகாரிகளைக் கடிந்துகொண்டார். பிறகு பாடகர்களைச் சேர்த்து அவரவர் நிலையில் வைத்து, பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே உண்மையுள்ள ஆட்களை நியமித்தார். பாடகர் வருமானம் குறித்து இவ்வளவு நடைமுறையான ஏற்பாட்டை இக்காலத்துச் சங்கங்களிலும் காண்பது அரிது!

அட்டப்பாடியின் குரல்

இனிப் பாலக்காட்டு எல்லைக்கு வருவோம். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகச் சென்றால் அட்டப்பாடி. இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் மலைநாடு. அங்கே நக்குப்பதி ஊரில் வாழும் நஞ்சம்மா ஆடுமாடு மேய்த்து வந்த இருளர் பெண்மணி. பழனிசாமி என்பவர் நடத்திய கலைக்குழுவோடு மேடைகளில் பாடிவந்தார். 2020 பிப்ரவரியில் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்துக்கு, இயக்குநர் சச்சி அவரைப் பாடவைத்தார். இருளர் மொழியில் நஞ்சம்மா தாமே கட்டிய பாட்டு அது. படத்தைப் பார்க்காதவர்களும் அந்தப் பாட்டைக் கைப்பேசியில் கேட்டார்கள்.

2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில், 2020ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சம்மா. செப்டம்பர் 30ஆம் நாள் டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வெள்ளித் தாமரை விருதைப் பெற்றார். அதனுடன் வழங்கப்பட்ட தொகை ஐம்பதாயிரம் ரூபாய். அவரைக் கண்டெடுத்த சச்சி அதைப் பார்க்கவில்லை. 2020 ஜூனிலேயே காலமாகிவிட்டார்.

விருது அறிவித்த உடனே ஒரு சர்ச்சை எழுந்தது. சுருதி பிடித்து, முறையாகப் பயின்று, பல ஆண்டுகளாக உழைத்துப் பாடுகிறவர்கள் இருக்க, இவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று இசைக்கலைஞர் ஒருவர் கேட்டார். பெயர்பெற்ற கலைஞர்கள் பலர் நஞ்சம்மாவுக்காகப் பரிந்து பேசினார்கள். அந்த விவாதம் கலையைப் பற்றியது என்றே எல்லோரும் எண்ணினார்கள். எனக்கோ அது விலையைப் பற்றியதாகவும் தோன்றியது. சான்றிதழ் உள்ள குரலுக்கு ஒரு விலை. மலையில் ஆடு மேய்க்கையில் பாடும் குரலுக்கு, "அவர்களுக்கு அது பிறவிக்குணம்தானே" என்னும் விலை. பிறவியில் வந்ததற்குப் பணம் எதற்கு என்பதுதான் அதன் உட்பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நஞ்சம்மாவின் பாட்டு அவரே கட்டியது என்பதால் அதற்கு ஆசிரியர் உண்டு. ஆனால் ஊர் முழுவதும் தலைமுறை தலைமுறையாகப் பாடும் பாட்டுக்குச் சட்டம் ஆசிரியரைக் காண்பதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து ஒலிப்பதிவு செய்யலாம். எடுத்தவர் பெயரே நின்றுவிடும். மலையோரத்துப் பாடகர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கோடிப் பேர் கேட்டால் கோடி ரூபாய் வரும் என்று நம் இளைஞர்கள் நம்புகிறார்கள். 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை அறிவும் தீயும் பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியை மனத்தில் வைத்து அறிவு எழுதிய பாட்டு. உலகமெல்லாம் ஒலித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதனால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். திரைப்பட நிறுவனத்தைச் சாராத, தனியாக நிற்கும் கலைஞர்களின் நிலை இதுவென்றால், ஒலிப்பதிவை நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவேதான் உலகெங்கும் தனிக்கலைஞர்கள் மேடையை நம்பி வாழ்கிறார்கள். பதிவு செய்த பாட்டை அடுத்த மேடைக்கான அழைப்பிதழாகவே பயன்படுத்துகிறார்கள்.

மேடையில் ஒலிக்கும் பாட்டு யாருடையது?

2017 மார்ச்சில் இளையராஜாவின் வழக்கறிஞரிடமிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம், சித்ரா முதலியோருக்கு நோட்டீஸ் சென்றது நினைவிருக்கும். அனுமதியில்லாமல் தம் பாடல்களை மேடைக் கச்சேரிகளில் பாடக்கூடாது என்பது அதன் சாரம். நாடு முழுவதும் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நண்பனிடம் இப்படிச் செய்யலாமா என்று பலர் மனம் வருந்தினார்கள். பின்னாளில் இருவரும் சமாதானமானார்கள். அந்த நட்பின் கதையை விட்டுவிட்டு, சட்டம் சொல்வதை மட்டும் பார்ப்போம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமை உண்டு. 2012இல் வந்த திருத்தம் ஒரு படி மேலே போனது. படத்துக்கு வெளியே அப்பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் தமக்குரிய பங்கைக் கவிஞரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. அந்தத் தொகையை வசூலித்துப் பங்கிட, 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம் இருக்கிறது. டிக்கெட் விற்று நடக்கும் கச்சேரியானால் இந்த உரிமத்தொகையைக் கட்ட வேண்டியவர் பொதுவாக நிகழ்ச்சி அமைப்பாளர், பாடகர் அல்லர். அமைப்பாளர் அந்தச் செலவைப் பாடகர் தலையில் கட்டப் பார்த்தால், பேசிய தொகையிலேயே அது அடங்குமா என்று முன்னரே கேட்டுவிட வேண்டும்.

மதச் சடங்குகளிலும் திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய விருந்திலும் பாடுவதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் சபையின் பெயரிலே ஒரு தொழில்முறைக் குழு டிக்கெட் விற்று நடத்தும் இசை நிகழ்ச்சியும் தானாகவே அந்த விலக்கில் அடங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளை சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டமைக்கிறான் என்றால், அவனும் அச்சங்கத்தில் உறுப்பினராகலாம். பிறர் அவன் பாட்டை உரிமம் பெற்ற மேடையில் பாடும்போது அவனுக்கும் பங்கு வரும். பிறர் பாட்டையே பாடிப் பழகிய நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மேடை இல்லாத மாதங்கள்

கேரளத்துக் கானமேளாக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் உற்சவமும் தேவாலயப் பெருநாளும் எஸ்டேட் திருவிழாவும் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் தொடங்கி மே மாதத்துக்குள் முடிந்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் திறந்தவெளி மேடைக்கு வேலையில்லை. ஓணம் வரும்போது சில நாட்கள் மறுபடியும் அழைப்பு வரும். ஆக, பன்னிரண்டு மாதச் சமையலை ஆறு மாத வருமானத்தில் நடத்த வேண்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஓணக் கொண்டாட்டங்கள் நின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உற்சவ காலத்தின் நடுவிலேயே மேடைகள் இருண்டன. மறு ஆண்டும் விடியவில்லை.

வரும் பணத்திலும் பாடுகிறவன் கைக்கு வருவது எவ்வளவு? ஒரு பேச்சுக்கு, ஒரு நிகழ்ச்சியை அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி, ஒளிக்கு இருபதாயிரம். வேனுக்கு எட்டாயிரம். சாப்பாட்டுக்கு நாலாயிரம். நிகழ்ச்சியைப் பிடித்துக் கொடுத்த இடைத்தரகருக்கு ஆறாயிரம். மீதி இருபத்திரண்டாயிரத்தைப் பத்துப் பேர் பிரித்தால் ஆளுக்கு இரண்டாயிரத்து இருநூறு. முன்னணிப் பாடகருக்குக் கூடுதல் என்றால் தாளக்காரருக்கு இன்னும் குறையும். பாலக்காட்டிலிருந்து மூணாறு சென்று இரவு பாடித் திரும்ப இரண்டு நாள் போய்விடும். வெளியில் நிற்பவர் கண்ணுக்கு அறுபதாயிரம் தெரிகிறது. வீட்டுக்கு வருவதோ இரண்டு நாள் கொத்துவேலைக் கூலி அளவுதான்.

பெரிய வித்துவான்களும் இதை அறிந்தே வாழ்ந்தார்கள். பாலக்காட்டு மஞ்சப்பராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் (1923-1984) சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் பிற்காலத்தில் ரிஷிவேலிப் பள்ளியில் கற்பித்தார். நம் கிறிஸ்தவ சமுதாயத்து ஆபிரகாம் பண்டிதரோ முற்றிலும் வேறு வழி கண்டவர். இடுக்கி எல்லையைத் தொட்டு நிற்கும் சுருளிமலையில் சித்த மருத்துவம் பயின்றதாக அவருடைய வரலாறு கூறுகிறது. பின்பு தஞ்சாவூரில் மருந்து விற்றும் தோட்டம் போட்டும் சம்பாதித்தார். அந்தப் பணத்தில்தான் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இசையிலிருந்து அவர் காசு எடுக்கவில்லை; இசைக்குள் காசு போட்டார். எல்லோராலும் இது இயலாது. ஆயினும் வாரத்தில் நான்கு நாள் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்றுக் கொடுப்பதையோ, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பதையோ தோல்வியாக எண்ண வேண்டாம் என்று உங்கள் மகனிடம் சொல்லலாம். மழைக்கால வாடகையை அதுதான் கொடுக்கும்.

நகரத்தில் வாய்ப்புகள் கொஞ்சம் பரவலாக உள்ளன. திருமண வரவேற்பு, அடுக்குமாடிக் குடியிருப்பு விழா, அலுவலக ஆண்டு விழா, ஓட்டல்களில் மாலைநேரப் பாட்டு என்று மழை பெய்தாலும் நடக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. நிறுவனங்கள் வருமான வரியைப் பிடித்துக்கொண்டே பணம் தரும். ஆண்டு இறுதியில் கணக்குக் காட்டினால் திரும்பப் பெற வழியுண்டு என்பதை அறியாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நாட்டுப்புற இசைக்கும் சாஸ்திரிய இசைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. ஆனால் ஆண்டு வரவு இருபது லட்சத்தை எட்டாத கலைஞர் பொதுவாக அதற்காகப் பதிவு செய்யவே தேவையில்லை.

தொகையை யார் முதலில் சொல்வது என்பதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "நீங்கள் பார்த்துக் கொடுங்கள் அண்ணா" என்று சொல்லிவிட்டு வருகிறவன், கொடுத்ததைப் பார்த்து வழியெல்லாம் வருந்துகிறான். அழைத்தவர் உறவினராகவோ சபையாராகவோ இருந்தால் இன்னும் கஷ்டம். அங்கே பெற்றோராகிய உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. "நம்ம ஆள்தானே, சும்மா வந்து பாடச் சொல்லுங்கள்" என்று உங்களிடம் கேட்கிறவர்களுக்கு மகனைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவனுடைய உழைப்பை நீங்கள் தானம் செய்ய முடியாது.

பெரிய பத்திரம் வேண்டாம். ஒரு தாள் போதும். தேதி, இடம், எத்தனை மணி நேரம், எத்தனை பேர், வண்டிச் செலவு யாருடையது, தங்க இடம் உண்டா, பேசிய தொகையில் பாதி எப்போது, மீதி மேடை ஏறுமுன்னா இறங்கிய பின்னா என்பவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கைப்பேசியில் செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினாலும் நல்லதே. மழையால் நிகழ்ச்சி நின்றுபோனால் முன்பணம் யாருக்குச் சேரும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இடுக்கி மலையில் ஏப்ரல், மே மாதத்துக் கோடைமழை பெரும்பாலும் மாலையில்தான் இறங்கும்.